டொபேகோவா, பயாயிபேயா? முதலில் அந்தக் கார்டைப் பார்ப்போம்

கேள்வி: வணக்கம். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறோம். எனக்கு 41 வயது, மனைவியும் வேலை செய்கிறார், இரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு மார்ச் விடுமுறைக்கும் மனைவியின் அண்ணா குடும்பம், என்னுடைய ஒன்றுவிட்ட சகோதரர் குடும்பம் என்று எல்லோருமாகக் கரீபியனில், டொமினிக்கன் குடியரசின் புந்தா கானாவில் ஒரு பெரிய ரிசோர்ட்டுக்குப் போவோம். போன முறை 11 பேர். முழுப் பணத்தையும், 17,600 டொலரை, என்னுடைய கிரெடிட் கார்டில்தான் போட்டேன். பொயின்ற்ஸ் கிடைக்கும் என்று. அவர்கள் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தருவார்கள். இன்னும் 4,100 வரவேண்டும். கார்டில் இப்போது 9,400 நிற்கிறது, வட்டி 20.99 வீதம். மாதம் 300 கட்டுகிறேன். 2022இல் வீட்டின் மேல் லைன் ஒவ் கிரெடிட் (வீட்டை ஈடாக வைத்து வேண்டியபோது எடுக்கும் கடன்) எடுத்து ஒருமுறை கார்ட் கடனைத் துடைத்தேன், திரும்ப நிரம்பிவிட்டது. வங்கி இப்போது அந்த லைனைக் கூட்டித் தருவதாகச் சொல்கிறது. ரிஎஃப்எஸ்ஏ என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் 5,000 இருக்கிறது, மாதம் 500 சேர்கிறது. எங்களுக்கு இந்த முறை சத்தமில்லாத, செலவு குறைந்த கடற்கரை வேண்டும். டொமினிக்கன் குடியரசில் பயாயிபே, டொபேகோவில் கஸ்டாரா, பிரான்சுக்குச் சொந்தமான குவாதலூப் பக்கம் மரி-கலாந்த் என்று மூன்றைப் பார்த்து விலையும் எடுத்து அனுப்பியிருக்கிறேன். மச்சான், தான் சேர்ந்திருக்கும் வெக்கேஷன் கிளப்பில் (விடுமுறைத் தங்குமிடத்தை முன்கூட்டியே பணம் கொடுத்து வாங்கிவைக்கும் திட்டம்) எங்களையும் சேரச் சொல்கிறார். எது மலிவு? எதைத் தெரிவு செய்வது? நித்திரை குறைந்துவிட்டது.
- பெயர் வேண்டாம், ஸ்காபரோ

பதில்: நித்திரை குறைந்ததற்குக் காரணம் கடற்கரை இல்லை என்பது உங்களுக்கே தெரியும் என்று நினைக்கிறேன். ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். நீங்கள் அனுப்பிய விலைகளை வைத்தே நால்வருக்கு ஏழு இரவு போட்டுப் பார்த்தேன்.

பயாயிபே, மார்ச் விடுமுறைப் பயணப் பொதி (பேக்கேஜ்), தலைக்கு 1,690. நால்வருக்கு 6,760. மரி-கலாந்த்: விமானம் 3,800, வீடு 840 யூரோ, வாடகைக் கார் 315 யூரோ, படகு 180 யூரோ, சாப்பாட்டுக்கு ஒரு 490 யூரோ. யூரோவை 1.6ஆல் பெருக்கினால் எல்லாமாக 6,700க்குக் கிட்ட வருகிறது. கஸ்டாரா, நீங்கள் எடுத்த ஜூலை விலையில்: விமானம் 3,000, சமையலறையுடன் வீடு இரவுக்கு 130 வீதம் 910, சாப்பாடு 700, டாக்ஸி, படகுச் சவாரி 400, காப்புறுதி 150. மொத்தம் 5,160.

ஆக, மூன்றுக்கும் இடையில் ஆகக் கூடிய வித்தியாசம் 1,600 டொலர். உங்கள் கார்டில் நிற்கும் 9,400க்கு ஒரு வருட வட்டி 1,970 டொலர். எந்தத் தீவு என்று இரவிரவாகத் தேடி நீங்கள் மிச்சம்பிடிப்பதை விடக் கூடிய காசு அந்தக் கார்டில் போகிறது. மாதம் 300 கட்டுகிறீர்கள், அதில் 164 வட்டி. கடனில் குறைவது 136 மட்டும்.

இதில் என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்தது கடனின் தொகை இல்லை. எல்லோருடைய டிக்கெட்டையும் உங்கள் கார்டில் போடுகிறீர்களே, அந்தப் பழக்கம். 17,600க்கு நூற்றுக்கு ஒன்று என்று வைத்தால் பொயின்ற்ஸ் 176 டொலர் பெறும். இந்த வகைக் கார்டுக்கு வருடக் கட்டணம் 120, 140 என்று போகும். மற்றவர்கள் இன்னும் தராத 4,100க்கு ஏழு மாதம் என்று பார்த்தால்கூட வட்டி 500. நாற்பது டொலர் இலாபத்துக்காக ஐந்நூறு டொலரை இழந்திருக்கிறீர்கள். மச்சானுக்கு வட்டியில்லாக் கடன், அந்த வட்டியை நீங்கள் வங்கிக்குக் கட்டுகிறீர்கள். அவருக்கு இது தெரியவே தெரியாமல் இருக்கலாம்.

இன்னொன்று. கார்டுக்கு 21 நாள் வட்டியில்லாக் காலம் இருக்கிறது என்று நம்பியிருப்பீர்கள். மாதக் கணக்கை முழுதாகக் கட்டினால்தான் அது உண்டு. மிச்சம் வைத்தால் புதிதாக வாங்குவதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். அந்தக் கார்டில் வாங்கும் பாலுக்கும் பாணுக்கும்கூட நீங்கள் இப்போது 21 வீத வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஆகவே இன்றிலிருந்து அந்தக் கார்ட் அலுமாரிக்குள். கடைச் செலவு முழுவதும் டெபிட்டில்.

லைனைக் கூட்டும் யோசனைக்கு என் பதில் வேண்டாம் என்பதே. வட்டி குறைவுதான், மறுக்கவில்லை. வேறொருவர் கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன். நீங்கள் 2022இல் அதைத்தான் செய்தீர்கள். கார்ட் வெறுமையானது, அடுத்த மார்ச்சில் மறுபடி எல்லோருடைய டிக்கெட்டும் அதில் ஏறியது. இப்போது வீட்டின் மேலும் கடன், கார்டிலும் கடன். பழக்கம் நிற்காமல் கடனை இடம் மாற்றினால் 2027இலும் இதே கடிதத்தை எழுதுவீர்கள், தொகை மட்டும் கூடியிருக்கும்.

வெக்கேஷன் கிளப்பைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், மன்னிக்க வேண்டும். காலைச் சாப்பாடு இலவசம் என்று கூப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் இருத்திவைத்து விற்கும் பொருளை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். வாங்கும்போது கொடுக்கும் பணத்தோடு அது முடியாது. ஒவ்வொரு வருடமும் பராமரிப்புக் கட்டணம் வரும், கூடும். வேண்டாம் என்று விற்கப் போனால் வாங்க ஆள் கிடைப்பது அரிது. மச்சான் சேர்ந்துவிட்டார் என்றால் அது அவருடைய முடிவு.

இப்போது காசுக் கணக்கு. இது அக்டோபர். ரிஎஃப்எஸ்ஏயில் 1,000ஐ அவசரத்துக்கு விட்டுவிட்டு 4,000ஐ எடுத்துக் கார்டில் கட்டுங்கள். அங்கே அது மூன்று வீதம் உழைக்கிறதோ என்னவோ, இங்கே 21 வீதம் மிச்சம்பிடிக்கும். எடுத்த தொகைக்கான இடம் அடுத்த ஜனவரியில் உங்களுக்குத் திரும்ப வந்துவிடும், அதனால் இழப்பில்லை. மிச்சம் 5,400. மாதம் 300உம் சேமிப்பு 500உம் சேர்த்து 800ஆக நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதம் கட்டினால் வட்டியும் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம் நிற்கும். வரவேண்டிய 4,100 ஜனவரிக்குள் வந்தால் கார்ட் முடிந்துவிடும், கையில் ஒரு 900 மிஞ்சும். பெப்ரவரியிலிருந்து அந்த 800 பயணத்துக்கு. ஏப்ரல் கடைசியில் 3,300 இருக்கும், விமான டிக்கெட்டை எடுக்கலாம். ஜூலை கடைசிக்குள் மீதிச் செலவுக்கும் காசு சேர்ந்துவிடும். பயணத்துக்கென்று ஒரு டொலர் கடன் இல்லை.

4,100இல் பாதிதான் வந்தால்? அப்போது கார்ட் முடிய மார்ச் நடுப்பகுதி ஆகும், ஜூலைக்குக் காசு போதாது. அப்படியென்றால் ஜூலைக்குப் பிறகு வரும் மார்ச் வரை பொறுங்கள். பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

மார்ச்சை விட்டுவிட்டு ஜூலை என்கிறேனே, புயல் காலம் ஆயிற்றே என்று கேட்பீர்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம் என்பது சரி. ஆனால் டொபேகோ வெகு தெற்கே, வெனிசுவேலாவுக்குக் கிட்ட இருக்கிறது. பெரும்பாலான புயல்கள் வடக்கால் போய்விடும். 1963இல் ஃபுளோரா நேரடியாக அடித்துத் தீவைச் சிதைத்தது, ஆகவே வரவே வராது என்று நான் சொல்லவில்லை. ஆகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் வரைதான் ஆபத்துக் கூடிய காலம். ஜூலையில் மழை இருக்கும், பெரும்பாலும் ஒரு பாட்டம் பெய்து வெளித்துவிடும்.

கஸ்டாராவை நான் முதலில் வைப்பது விலைக்காக மட்டும் இல்லை. அது இன்னும் மீன்பிடிக் கிராமம். நம் ஊரில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்களே, அங்கேயும் ஊர்ச்சனம் கூடி வலை இழுக்கிறது. கரையோரத்தில் மண் அடுப்பில் பாண் சுடுகிறார்கள். காலையில் மீன் வாங்கி வீட்டில் சமைத்தால் சாப்பாட்டுச் செலவு பாதியாகும். ரொட்டியும் கறியும், பாரா என்ற பொரித்த ரொட்டிக்குள் கடலை வைத்த டபிள்ஸும் அங்கே சாதாரணச் சாப்பாடு. ஸ்காபரோவிலுள்ள ட்ரினிடாட் ரொட்டிக் கடைகளால் உங்கள் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பழக்கமாக இருக்கும். போர்ட் ஒவ் ஸ்பெயினில் இறங்கி ஒரு குட்டி விமானத்தில் 25 நிமிடம். படகிலும் போகலாம், மூன்று நான்கு மணி நேரம் ஆகும். அது போய்ச்சேரும் டொபேகோத் தலைநகரத்தின் பெயரும் ஸ்காபரோதான். பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், மகிழ்ச்சிப்படுவார்கள்.

பயாயிபே கெட்ட இடம் இல்லை. புந்தா கானாவின் கிழக்குக் கரையில் கோடையில் கடற்பாசி மலைபோல் ஒதுங்கும். பயாயிபே ஒதுக்கான பக்கத்தில் இருப்பதால் தொல்லை குறைவு. காலையில் சவோனாத் தீவுக்குப் படகேற பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குவார்கள், அந்த நேரம் கரை சந்தைதான். அவர்கள் போனபின் ஊர் அடங்கிவிடும். ஆனால் எனக்கு ஒரு பயம். அது புந்தா கானா விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத் தூரம். பக்கத்திலேயே எல்லாம் சேர்ந்த ரிசோர்ட்டுகள் வரிசையாக நிற்கின்றன. "அங்கேதானே போகிறீர்கள், நாங்களும் வருகிறோம், நீங்களே புக் பண்ணுங்கோ" என்று 11 பேரும் திரும்ப உங்கள் கார்டுக்கு வந்துவிடுவார்கள். கஸ்டாராவில் அறைகள் சின்னச் சின்னதாக ஆளுக்கொரு பக்கம் இருக்கும். வர விரும்புகிறவர் தன் வீட்டைத் தானே பேசி எடுக்கவேண்டும். உங்களுக்கு அது நல்ல காவல்.

மரி-கலாந்தை விடச் சொல்ல மனம் வரவில்லை. கரும்புத் தோட்டமும் வெறுமையான வெண்மணலும்தான் அந்தத் தீவு. குவாதலூப்புக்கு 1854 முதல் கப்பல் கப்பலாகக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களில் தமிழர் ஏராளம். அவர்கள் கொண்டுவந்த கறித்தூளுக்கு அங்கே இன்றும் கொலம்போ என்றுதான் பெயர். குவாதலூப்பின் கபெஸ்தேர்-பெல்-ஓ ஊரில் ஷாங்கி இந்துக் கோயிலைப் பார்க்க ஒருநாள் நீங்கள் போகத்தான் வேண்டும். ஆனால் யூரோ, அங்கே கார் இல்லாமல் அசைய முடியாத நிலை, குவாதலூப்பின் பொயின்ற்-ஆ-பீத்ருக்குப் பறந்து பிறகு ஒரு மணி நேரப் படகு எல்லாம் சேர்ந்தால் இந்த வருடத்துக்குரியது இல்லை. கார்ட் முடிந்து இரண்டு வருடம் கழித்துப் பாருங்கள்.

காப்புறுதியை வெட்டாதீர்கள். வெளிநாட்டில் ஆஸ்பத்திரியில் கிடந்தால் ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் ஒரு நாளுக்கு ஆகக்கூடியது 400 டொலர்தான் தரும். வெளிநோயாளி என்றால் 50. விமானத்தையும் தங்குமிடத்தையும் முகவரிடம் எடுத்தால் ஒன்ராறியோவில் பயண முகவர்களை ஒழுங்குபடுத்தும் டிக்கோவில் பதிவு உள்ளவரிடம் எடுங்கள். கம்பனி முறிந்தால் இழப்பீட்டு நிதி இருக்கிறது. தெரிந்தவர் ஒருவரிடம் கைக்காசாகக் கொடுத்தால் அது இல்லை. அங்கே செலவுக்குக் கார்ட் தேய்த்தால் பெரும்பாலான கனடியக் கார்டுகள் 2.5 வீதம் கூட எடுக்கும்.

இனி மச்சான். இதை நீங்கள் பேசாதீர்கள், உங்கள் மனைவி பேசட்டும். தங்கச்சி கேட்டால் அண்ணா கோபிக்கமாட்டார். மைத்துனர் கேட்டால் கணக்குப் பார்க்கிறான் என்றாகிவிடும். நீளமான விளக்கமும் வேண்டாம். "அண்ணா, எங்கட கார்ட் நிரம்பிப் போச்சு, வட்டி ஓடுது. மிச்சக் காசை ஜனவரிக்குள்ள தந்திடுங்கோ. இனி டிக்கெட்டை அவரவர் எடுப்பம்." இவ்வளவுதான். உங்கள் ஒன்றுவிட்ட சகோதரரிடம் நீங்கள் பேசுங்கள். யார் எவ்வளவு தரவேண்டும் என்று தொகையும் திகதியும் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். வாய்ச்சொல்லில் 4,100 என்பது அவர்கள் நினைவில் 3,000 ஆகியிருக்கும்.

மார்ச்சுக்கான குழுப் புக்கிங்குக்கு முற்பணம் கேட்கும் நேரம் நவம்பர் நடுப்பகுதி. அதற்கு முன் இந்தப் பேச்சு நடந்தாக வேண்டும். இந்த ஞாயிறு மச்சான் வீட்டுக்குச் சாப்பாட்டுக்குப் போவீர்கள் என்றால், சாப்பிட்டு முடிந்து தேத்தண்ணி வரும் நேரம் பொருத்தமாக இருக்கும்.