சிங்கப்பூரில் ஸ்போர்ட்ஸ் காருக்குக் குளிர்கால டயர் தேவையா?

டிசம்பர் மழையில் வழுக்குகிறது, குளிர்கால டயர் வாங்கித் தரைவீட்டு வாசலில் நானே மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குளிர்கால டயர் வேண்டாம். அந்த ரப்பர் 7 டிகிரிக்குக் கீழேயும் இறுகாமல் இருக்கச் செய்தது. நம்மூர் 31 டிகிரியில் குழைந்து சீக்கிரம் தேயும், பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். மழைக்கு வேண்டியது டயரின் மேற்பரப்பில் ஆழமான பள்ளம். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் போதும். நான் 3-க்கு வந்ததுமே மாற்றிவிடுவேன்.

சரி, சக்கரத்தை நீங்களே மாற்றலாம். ஜாக்கியில் தூக்கும் முன்பே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்துங்கள். இல்லாவிட்டால் சக்கரமும் கூடவே சுற்றும். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் பின் டயர் அகலம், முன்பின் மாற்றிப் போட முடியாது. நட்டுகளை ஒன்று, அடுத்து அதற்கு எதிரே உள்ளது என்ற வரிசையில், டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) கார் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். அப்புறம், ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள்.