ரகசியம் நமக்குத்தான் தெரியுமே

வணக்கம் சார்,

'ஐ'வ் காட் எ சீக்ரெட்' என்ற பழைய அமெரிக்க டிவி நிகழ்ச்சியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, லிங்கன் சுடப்பட்டபோது அரங்கில் இருந்த பெரியவர் வரும் பகுதியை யூடியூபில் பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. கண் வீங்கிய 95 வயது மனிதரை உட்கார வைத்து வேடிக்கை காட்டுகிறார்கள். ரகசியமும் நமக்கு முதலிலேயே தெரிந்துவிடுகிறது, அப்புறம் என்ன சுவாரஸ்யம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வந்தவர் தன் ரகசியத்தை நிகழ்ச்சியை நடத்தும் கேரி மூரின் காதில் சொல்வார், நமக்கு அது திரையில் எழுத்தாக வரும், கேள்வி கேட்டு அதைக் கண்டுபிடிக்க வேண்டிய, எதிரே இருக்கும் நாலு பேருக்கு மட்டும் தெரியாது. கண்டுபிடிப்பது நம் வேலையே இல்லை, அவர்கள் திணறுவதைப் பார்ப்பதுதான். 1957இல் ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த் வந்தார். மின்னணுத் தொலைக்காட்சிக்கான யோசனை 14 வயதிலேயே உதித்த ஆள். டிவியில் பிழைக்கும் நாலு பேர், டிவி கேமரா முன்னால் உட்கார்ந்துகொண்டு, எதிரே இருப்பவர் எதைக் கண்டுபிடித்தார் என்று தெரியாமல் முழிக்கிறார்கள். உங்கள் கருவியைப் பயன்படுத்தினால் வலிக்குமா என்று ஒருவர் கேட்க, சில சமயம் ரொம்பவே வலிக்கும் என்கிறார் மனிதர். கடைசிவரை பிடிபடவில்லை, பரிசாக 80 டாலரை வாங்கிக்கொண்டு போனார். முன்கூட்டியே தெரியாவிட்டால் இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

சரி, பெரியவர் விஷயம். சாமுவேல் சீமூர், 1956 பிப்ரவரி. நியூயார்க்குக்கு வந்த இடத்தில் படியில் விழுந்து அடிபட்டவர். மூர் அதை மறைக்கவில்லை, வருவதும் வராததும் அவர் இஷ்டம் என்று மருத்துவர்கள் விட்டுவிட்டதைச் சொல்லித்தான் உள்ளே அழைத்தார். வருகிறேன் என்றவரை, பாவம் வயசாகிவிட்டது என்று திருப்பி அனுப்புவதை மரியாதை என்று என்னால் நினைக்க முடியவில்லை. அந்த நாலு பேரில் ஒருவரான ஜேன் மெடோஸ் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு லிங்கனிடம் வந்து சேர்ந்துவிடுகிறார். (வின்ஸ்டன் சிகரெட் விளம்பரத்தில் ஓடிய நிகழ்ச்சி, பெரியவரோ பைப் பிடிப்பவர், அதனால் அவருக்கு ஒரு டப்பா பிரின்ஸ் ஆல்பர்ட் புகையிலை!)

எனக்கு முக்கியம் அவர் பார்த்த விதம். 1865 ஏப்ரல் 14, ஃபோர்ட் அரங்கு, அவருக்கு 5 வயது. வெடிச் சத்தம் கேட்டது, ஒரு ஆள் மாடத்திலிருந்து மேடையில் விழுந்தான். ஜனாதிபதி சுடப்பட்டது குழந்தைக்குத் தெரியாது. விழுந்தவனுக்கு அடிபட்டிருக்குமே என்றுதான் அதற்குக் கவலை. அவன்தான் சுட்டவன், ஜான் வில்க்ஸ் பூத். எந்தச் சரித்திரப் புத்தகமும் பூத்துக்காகப் பரிதாபப்பட்டு அந்த ராத்திரியைத் தொடங்காது. பெரியவர் அந்த ஏப்ரலிலேயே காலமானார், நிகழ்ச்சியை மூன்று மாதம் தள்ளிப்போட்டிருந்தால் அந்த முகம் டிவியில் பதிவாகியே இருக்காது.

கேலிதான் உங்கள் கவலை என்றால் 1960இல் இசையமைப்பாளர் ஜான் கேஜ் வந்ததைப் பாருங்கள். குளியல் தொட்டி, மிக்ஸி, ரப்பர் வாத்து எல்லாம் வைத்துக்கொண்டு இசை நிகழ்த்தினார். ஐந்து ரேடியோக்களுக்கு பிளக் மாட்டுவது யார் என்று தொழிற்சங்கத் தகராறு, அதனால் அவற்றைத் தட்டியும் கீழே தள்ளியுமே ஒப்பேற்றினார். ஜனங்கள் சிரிப்பார்கள் என்று மூர் முன்பே எச்சரித்தார். அழுவதைவிடச் சிரிப்பது மேல் என்றார் கேஜ்.