ஒரே ஒரு கார்னர்

வணக்கம் சார்,

என் மகனுக்குப் பதினொரு வயது. கால்பந்துப் பைத்தியம். போன வாரம் செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். ஸ்பெயின் வீரர் பெர்னாண்டோ டோரஸ் தவறவிட்ட கோல்களின் தொகுப்பு. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம்தான் நினைவு வந்தது, கல்லூரி விடுதியில் என் அறைச் சுவரில் ஒட்டியிருந்தது அவர் படம்தான். அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் 26 வயதிலேயே எப்படி முடிந்துபோனார்? செல்சி கிளப் கொடுத்த பணம்தான் கெடுத்ததா? ரவுல், டேவிட் வியா, டோரஸ் மூவரில் யார் பெரியவர்? மகனை மாலைப் பயிற்சிக்குச் சேர்க்கலாமா என்பதையும் சொல்லுங்கள். பாடம் வேறு அதிகமாக இருக்கிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கொஞ்ச நாட்களாக டோரஸின் செல்சி காலத்து ஆட்டங்களைத் தேடிப்பிடித்து, முழுதாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. படித்ததும் கோபம்தான் வந்தது. மகன் மேல் இல்லை, உங்கள் மேல்.

ரவுலா வியாவா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. ஸ்பெயினுக்காக வியா அடித்தது 59, ரவுல் 44, டோரஸ் 38. எண்ணிக்கைதான் வேண்டுமென்றால் அவ்வளவுதான், முடிந்தது.

பணத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். 2011 ஜனவரி 31 அன்று இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப்பிலிருந்து அங்கேயே இன்னொரு கிளப்பான செல்சிக்கு 5 கோடி பவுண்டுக்குப் போனார். அன்றைய பிரிட்டனில் அதுதான் உச்ச விலை. ஆனால் அதற்கு ஒரு வருடம் முன்னால் நடந்ததைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே? 2010 தொடக்கத்தில், சில மாத இடைவெளியில், அவர் முழங்காலில் இரண்டு அறுவைச் சிகிச்சை நடந்தது. புண் ஆறி ஆறாமல் தென்னாப்பிரிக்காவுக்குப் போய் உலகக் கோப்பை ஆடினார். இறுதிப் போட்டியில் கூடுதல் நேரத்தில் வியாவுக்குப் பதிலாக இறங்கினார். கோப்பையை வாங்கித் தந்த இனியெஸ்டாவின் கோலுக்கு முந்தைய நகர்வில் உள்ளே வந்த பந்து டோரஸ் அனுப்பியது. ஆட்டம் முடிவதற்குள் தொடைத் தசை பிடித்துக்கொண்டு தரையில் விழுந்தார்.

அவருடைய ஆட்டமே அந்தக் காலில்தான் இருந்தது. ஐரோப்பிய நாடுகளின் யூரோ கோப்பை, 2008 இறுதி, வியன்னா. ஷாவி முன்னால் தள்ளிய பந்துக்கும் டோரஸுக்கும் நடுவில் ஜெர்மனியின் தடுப்பாட்டக்காரர் பிலிப் லாம் இருக்கிறார். பந்து லாமுக்குத்தான் என்று எல்லோருமே நினைத்திருப்பார்கள். டோரஸ் வெளிப்பக்கமாக அவரைத் தாண்டி, கோல்கீப்பர் லேமன் வந்து விழுவதற்குள் பந்தை மேலாக எத்திவிட்டார். 1964க்குப் பிறகு ஸ்பெயின் வென்ற முதல் பெரிய கோப்பை அந்த ஒரு கோலில் வந்தது. முழங்கால் போனால் முதலில் போவது அந்த வேகம்தான். அது போன பிறகு, கோல் அடிப்பதே வேலையான ஒரு ஸ்டிரைக்கர் என்ன செய்வான்? நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.

உங்கள் மகன் காட்டிய தொகுப்பில் ஓல்ட் டிராஃபோர்டு கண்டிப்பாக இருந்திருக்கும். 2011 செப்டம்பர் 18. மான்செஸ்டர் யுனைடெட் கோல்கீப்பர் டி கேயாவை உடம்பால் ஏமாற்றித் தாண்டிவிட்டு, காலியாகக் கிடந்த வலைக்கு வெளியே அடித்தார். உலகமே சிரித்தது. அதே ஆட்டத்தில் இடைவேளை முடிந்தவுடன் அதே டி கேயாவின் தலைக்கு மேல் அழகாகத் தூக்கி ஒரு கோல் அடித்திருந்தார். அதை அந்த வீடியோவில் வெட்டியிருப்பார்கள்.

இப்போது நிதானமாகக் கேளுங்கள். கோலியோடு, அதாவது கோல்கீப்பரோடு, தனியாக நிற்கும் ஸ்டிரைக்கருக்கு வழிகள் சில உண்டு. தூரத்திலேயே ஓரமாகத் தட்டிவிடலாம். தலைக்கு மேல் எத்தலாம். இல்லை, கோலியையே சுற்றிக்கொண்டு போகலாம். முதல் இரண்டில் தவறினால் கோலி நன்றாகத் தடுத்தான் என்று பேர். மூன்றாவதில் அந்தச் சாக்குக் கிடையாது. கோலியைத் தாண்டிய பிறகு தவறினால் பழி முழுக்க உன் தலையில். ஒருமுறை ஊர் சிரித்த பிறகு, சாதாரண மனிதன் அந்த வழிப் பக்கமே திரும்ப மாட்டான்.

ஏழு மாதம் கழித்து, பார்சிலோனாவின் காம்ப் நூ மைதானம். ஐரோப்பிய கிளப்புகளின் உச்சத் தொடரான சாம்பியன்ஸ் லீக்கின் அரையிறுதி, இரண்டாவது ஆட்டம். டெர்ரி சிவப்பு அட்டை வாங்கிப் போய்விட்டதால் செல்சிக்குப் பத்து பேர். பார்சிலோனா இன்னும் ஒரு கோல் அடித்தால் எல்லாம் போச்சு. 80ஆவது நிமிடத்தில் டிராக்பாவுக்குப் பதிலாக இறக்கப்பட்ட டோரஸ், தடுப்பாட்டக்காரர்களோடு சேர்ந்து பந்தைத் துரத்திக்கொண்டிருந்தார். ஆட்டம் முடியும் நேரத்தில் விலக்கி அடிக்கப்பட்ட பந்து அவரிடம் வந்தது. எதிரில் பாதி மைதானம் காலி. கோலி விக்டர் வால்டெஸ் ஒருவர்தான். ஓடும்போது அவ்வளவு நேரம் இருந்தது, ஓல்ட் டிராஃபோர்டு நினைவுக்கு வரப் போதுமான நேரம். என்ன செய்தார் தெரியுமா? சுற்றிக்கொண்டு போனார். உள்ளே அடித்தார்.

அடுத்த வருடம் ஆம்ஸ்டர்டாமில் யூரோப்பா லீக் இறுதி, பென்ஃபிகாவுக்கு எதிராக. அங்கேயும் கோலி ஆர்டரைச் சுற்றிக்கொண்டு போய்த்தான் அடித்தார். மூன்று இடத்திலும் செய்தது ஒரே வேலை. ஒன்று வெளியே போனது, இரண்டு உள்ளே போயின. வெளியே போனதை மட்டும் நறுக்கி எடுத்துக்கொண்டு ஒரு குழந்தையோடு உட்கார்ந்து சிரித்திருக்கிறீர்கள். வேலையில் உங்களுக்கு ஒரு கெட்ட வருடம் வந்ததே இல்லையா? அந்த வருடத்தை மட்டும் வெட்டியெடுத்து உங்கள் மகனுக்கு யாராவது காட்டினால் தாங்குவீர்களா?

சரி, மியூனிக்கைச் சொல்லாமல் முடியாது. என்னோடு வேலை பார்த்த அண்ணன் ஒருவர் லிவர்பூல் வெறியர். டோரஸ் செல்சிக்குப் போனதும் லிவர்பூலில் ரசிகர்கள் ஒன்பதாம் எண் சட்டையைக் கொளுத்தினார்கள். அண்ணன் தன்னுடையதைத் தரை துடைக்கப் போட்டுவிட்டார். 2012 மே 19, சாம்பியன்ஸ் லீக் இறுதி, அவர் வீட்டில்தான் பார்த்தேன். நமக்கு அது நடுராத்திரி. பயர்ன் மியூனிக், தன் சொந்த மைதானத்தில், 83ஆவது நிமிடத்தில் முல்லர் மூலம் முந்திவிட்டது. அண்ணன் திருப்தியாக எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். அடுத்த நிமிடம் டோரஸ் உள்ளே வந்தார். கோல் அடிக்கவில்லை. ஓரத்துக்கு ஓடினார், பந்தைத் துரத்தினார், தடுப்பாட்டக்காரன் மேல் பட்டு அது எல்லைக் கோட்டைத் தாண்டும்படி செய்தார். சொம்போடு வாசலில் நின்ற அண்ணன், "கார்னர் வாங்கிட்டான்" என்றார். அந்த ஜனவரிக்குப் பிறகு டோரஸைப் பற்றித் திட்டு இல்லாமல் அவர் சொன்ன முதல் வாக்கியம் அது.

அந்த ஆட்டத்தில் பயர்னுக்கு 20 கார்னர். செல்சிக்கு அந்த ஒன்றுதான். மைதானத்தின் மூலையிலிருந்து மாட்டா அதை அடித்தார், டிராக்பா தலையால் முட்டினார், சமன். பிறகு பெனால்டியில் கோப்பை. பெனால்டி அடித்த ஐந்து பேரில் டோரஸ் இல்லை. ஸ்கோர் அட்டையில் எங்கு தேடினாலும் அவர் பெயர் கிடைக்காது. தொடக்கத்திலேயே இறக்கவில்லை என்ற வருத்தத்தை அன்றிரவே வெளிப்படையாகச் சொன்னார். ஏன் சொல்லக்கூடாது? வருத்தத்தோடு இறங்கித்தானே அந்தக் கார்னரை வாங்கினார்.

ஆறு வாரத்தில் யூரோ இறுதியில் இத்தாலிக்கு எதிராக 75ஆவது நிமிடத்தில் இறங்கி, ஒன்று அடித்து, இன்னொன்றை மாட்டாவுக்குத் தட்டிக் கொடுத்தார். அந்தத் தொடரில் அதிக கோலுக்கான தங்கக் காலணி அவருக்குத்தான். நீங்கள் சொல்லும் "முடிந்துபோன" வயதுக்குப் பிறகு நடந்தவை இவை. செல்சியில் 172 ஆட்டங்களில் 45 கோல் என்பது அந்த விலைக்குக் குறைவுதான். அடுத்துப் போன இத்தாலியின் மிலான் கிளப்பில் பத்து ஆட்டங்களில் ஒன்று. மறுக்கவில்லை.

2015 ஜனவரியில் தன் பழைய அட்லெடிகோ மாட்ரிட்டுக்குத் திரும்பியபோது, ஆட்டமே இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரைப் பார்க்க மட்டும் விசென்டே கால்டெரோன் மைதானத்துக்குச் சுமார் 45,000 பேர் வந்தார்கள். அந்த கிளப் இரண்டாம் டிவிஷனில் கிடந்தபோது 17 வயதில் அதற்காக இறங்கிய பையன் அவர். 19 வயதில் கேப்டன். அந்த மக்கள் தொகுப்பு வீடியோ பார்த்துவிட்டு வரவில்லை. 2018இல் லியோனில் யூரோப்பா லீக் இறுதி முடியப்போகும் நேரத்தில்தான் இறக்கினார்கள். ஆனால் கோப்பையைத் தூக்கும்போது கேப்டன் காபி பெர்னாண்டஸ் அவரையும் சேர்த்துக்கொண்டார். நான்கு நாள் கழித்து ஐபாருக்கு எதிராகத் தன் கடைசி அட்லெடிகோ ஆட்டத்தில் இரண்டு கோல்.

உங்கள் மகனோடு உட்கார்ந்து மியூனிக் ஆட்டத்தை 80ஆவது நிமிடத்திலிருந்து பாருங்கள். வேகமாக ஓட்டாதீர்கள். பந்து இல்லாதபோது ஒன்பதாம் எண் எங்கே ஓடுகிறது என்று அவனிடம் கேளுங்கள்.

பயிற்சிக்குத் தாராளமாக அனுப்புங்கள். பாடத்தை அவன் பார்த்துக்கொள்வான். முழங்கால் வலிக்கிறது என்று ஒருநாள் சொன்னால் மட்டும், சாக்கு சொல்கிறான் என்று நினைத்துத் துரத்திவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.