தாத்தாவின் போர்முனைக் கடிதங்களை லேமினேட் செய்யலாமா?

கேள்வி: தாத்தா 1944-இல் பர்மா போர்முனையிலிருந்து பாட்டிக்கு எழுதிய கடிதங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. மடிப்புகள் கிழிகின்றன. லேமினேட் செய்து வைத்தால் பேரப்பிள்ளைகள் காலம் வரை தாங்குமா? — வாசகி, கொழிஞ்சாம்பாறை (கேரளம், பாலக்காடு மாவட்டம்)

பதில்: வேண்டவே வேண்டாம் அம்மா. சூட்டில் உருகிய பிளாஸ்டிக் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டால், சேதமில்லாமல் பிரிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். கடைக்காரர் நூறு வருஷம் தாங்கும் என்பார். அவருக்குத் தாளுக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கு. செல்லோடேப்பும் கூடாது, அதன் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். அமிலமற்ற தாள்களுக்கு இடையே விரித்து வைத்து, பெட்டியைப் பரணில் ஏற்றாமல் ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) முடிந்ததும் ஒருமுறை திறந்து, இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

கடிதம் பென்சிலில் எழுதியதா? பென்சில் எழுத்து ஈரத்துக்குக் கரையாது என்பார்கள். சரிதான். ஆனால் அந்தக் காலத்தில் காப்பியிங் பென்சில் என்று ஒன்று இருந்தது. பார்க்கச் சாதாரணச் சாம்பல் நிறம், ஈரம் பட்டால் ஊதாவாகக் கசியும். பகல் வெளிச்சத்தில் பாருங்கள், எங்காவது ஊதாத் திட்டு தெரிந்தால் அதுதான். அப்புறம் ஈரத்துணி, எச்சில் விரல், மடிப்பு நீக்க ஆவி காட்டுவது எதுவுமே ஆகாது. சந்தேகமாக இருந்தாலும் காப்பியிங் பென்சில் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பழைய ஸ்டாம்ப் வாங்க வருகிறவர். "கவரை மட்டும் கொடுங்கம்மா, கடிதம் உங்களுக்கே" என்று குழைவார். ஏமாறாதீர்கள். எங்கே இருக்கிறோம் என்று சிப்பாய்கள் கடிதத்தில் எழுதக்கூடாது, தணிக்கை உண்டு. உறையில் உள்ள களத் தபால் நிலைய (படையினருக்கான தபால் நிலையம்) முத்திரையின் எண்தான் பல நேரம் இடத்தைக் காட்டும் ஒரே தடயம். கவர் போனால் கடிதம் அநாதை. 75 வருடம் தாண்டிய வரலாற்று ஆவணத்தை அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. அதையா அவர் சொல்லப்போகிறார்?

அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்காதீர்கள். ஓலைச்சுவடிக்குத் திட்டம், மாநாடு, பொன்னாடை எல்லாம் உண்டு. சிப்பாயின் காகிதத்துக்கு நாதியில்லை. இந்தப் பக்கம் கேரளத்தில் கேட்டால் "தமிழா?" என்பார்கள், அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக்குப் போனால் "கேரள விலாசமா?" என்பார்கள். யார் கேட்டாலும் ஸ்கேன் பிரதியைக் கொடுங்கள், மூலத்தைக் கொடுக்காதீர்கள். ஸ்கேன் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) தெளிவில், இரண்டு பக்கமும், உறையும் சேர்த்து.

பேரப்பிள்ளைகள் மலையாள மீடியமாகத்தான் இருப்பார்கள். புள்ளி வைக்காத கையெழுத்தும் பழைய லை, னை வடிவங்களும் அவர்களுக்குப் பிடிபடாது. வீட்டுப் பெரியவர் ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்து, தட்டச்சும் செய்துவிடுங்கள். கடிதத்தில் வருகிற சின்னத்தாயி யார், வயல் எது என்பது போன்ற குறிப்பெல்லாம் தனித்தாளில் இருக்கட்டும். கடிதத்தின் மேல் பேனா படக்கூடாது.