அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில் படிப்பது மதிப்புக் குறைவா?

நிச்சயமாக இல்லை. கணவரின் வேலைக்காக இங்கே வந்த பிறகு, பக்கத்திலிருந்த கம்யூனிட்டி காலேஜின், அதாவது உள்ளூர்க்காரர்களுக்கான 2 வருடக் கல்லூரியின், மாலை வகுப்பில்தான் நான் மறுபடி படிக்க ஆரம்பித்தேன்.

பெரிய பல்கலைக்கழகங்கள் மாணவர்களைச் சலித்து எடுக்கும். கம்யூனிட்டி காலேஜில் அப்படிச் சலித்தெடுப்பது கிடையாது. பள்ளிப்படிப்பை முடித்திருந்தால் பெரும்பாலும் இடம் உண்டு. அதனால் சுற்றுவட்டாரத்தில் யாரெல்லாம் இருக்கிறார்களோ அவர்களேதான் வகுப்பிலும் இருப்பார்கள். என் உடற்கூறியல் வகுப்பில் பள்ளியை அப்போதுதான் முடித்த பையனும் இருந்தான், பேரப்பிள்ளை எடுத்த அம்மாவும் இருந்தார், முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து சீருடையோடே ஓடிவரும் உதவியாளரும் இருந்தார். மணிக்கட்டின் 8 சிறு எலும்புகளை பிளாஸ்டிக் மாதிரியில் தேடித் திணறிக்கொண்டிருந்தோம். அந்த உதவியாளர் என் கையைப் பிடித்து, கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் குழியை அழுத்தி, "கையை ஊன்றி விழுந்தவர்களுக்கு இங்கே வலிக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்" என்றார். அங்கே இருக்கும் ஸ்காஃபாய்ட் எலும்பின் பெயர் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

இந்த ஏற்பாடு புதிதல்ல. 1901இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட்டில் 6 மாணவர்களோடு தொடங்கியது முதல் பொது ஜூனியர் காலேஜ். கம்யூனிட்டி காலேஜுக்கு அப்போதைய பெயர் அதுதான். ஊரை விட்டுப் போக முடியாத பிள்ளைகளுக்குக் கல்லூரியின் முதல் 2 வருடங்களை உள்ளூரிலேயே கொடுப்பதுதான் நோக்கம். இன்று அதோடு நர்சிங், வெல்டிங், வாகனப் பழுதுபார்ப்பு, புதிதாக வந்தவர்களுக்கு ஆங்கிலம் என்று அந்தந்த வட்டாரத்துக்குத் தேவையானதை எல்லாம் நடத்துகிறார்கள். நர்சிங்கையே பாருங்கள். இங்கே அசோசியேட் என்ற 2 வருடப் பட்டம் வாங்கியவரும், 4 வருடப் பட்டம் வாங்கியவரும் உரிமத்துக்காக எழுதுவது ஒரே என்கிளெக்ஸ் தேர்வுதான். சில மருத்துவமனைகள் 4 வருடப் பட்டத்தை விரும்புவது உண்மை. ஆனால் வேலையில் இருந்துகொண்டே அதை முடித்துக்கொள்ள வழி இருக்கிறது.

சரி, கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 2 வருடம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாற நினைப்பவர்கள், எடுத்த கிரெடிட் (முடித்த பாடங்களுக்கான மதிப்பலகு) எல்லாம் அங்கேயும் தானாகவே செல்லுபடியாகும் என்று நம்பிவிடக் கூடாது. ஒரே பாடத்தை ஒரு பல்கலைக்கழகம் உங்கள் மேஜருக்கு, அதாவது முதன்மைப் பாடத்துக்கு, கணக்கில் எடுக்கும், இன்னொன்று வெறும் விருப்பப் பாடமாகத் தள்ளிவிடும். முதல் செமஸ்டரிலேயே கல்லூரியின் படிப்பு ஆலோசகரிடம் போய், எங்கே மாறப்போகிறீர்கள் என்று சொல்லி, இரண்டு கல்லூரிகளுக்கும் இடையே டிரான்ஸ்ஃபர் ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேளுங்கள். கலிபோர்னியாவில் இருந்தால் 'அசிஸ்ட்' இணையதளத்தில் எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அப்புறம், அந்த மாநிலத்தில் குடியிருப்பவருக்கான கட்டணம் உங்கள் விசாவுக்குப் பொருந்துமா என்பதையும் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.