மாவுச்சத்தைக் குறைப்பதா, கலோரியைக் குறைப்பதா?

உடல் எடையைக் குறைக்க, தானியங்களைத் தவிர்க்கும் பேலியோ உணவு முறையில் சோற்றை நிறுத்துவது நல்லதா, நாளுக்கு 1,200 கலோரி என்று கணக்கிட்டு உண்பது நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் தனித்தனியே கடைப்பிடித்துப் பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். எடை குறைவது கலோரி குறைவதால்தான்; மாவுச்சத்தைக் குறைப்பது, அந்தக் குறைவை அதிகப் பசியில்லாமல் எட்டுவதற்கான வழிகளில் ஒன்று. இது புரியாததால் எனக்கு ஏழு மாதங்கள் வீணாயின.

அப்போது என் எடை 88 கிலோ, உயரம் 168 செ.மீ. சோறு, இட்லி, தோசை அனைத்தையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டு, காலையில் ஊறவைத்த பாதாம் நூறு, மதியம் நெய்யில் வதக்கிய காய்கறியும் பனீரும், இரவில் முட்டை என்று தொடங்கினேன். "ஒரு பிடி சோறாவது சாப்பிடுப்பா" என்று அம்மா தினமும் கெஞ்சுவார். முதல் வாரத்திலேயே இரண்டரைக் கிலோ குறைந்தது. அத்தனையும் கொழுப்பு என்றே நம்பினேன். உண்மையில் கல்லீரலும் தசைகளும் மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேமித்து வைக்கின்றன. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால், சோற்றை நிறுத்தியதும் அந்த இருப்பு கரைந்து, தண்ணீரும் அதனுடன் உப்பும் சிறுநீரில் வெளியேறிவிடுகின்றன. அந்த நாட்களில் வரும் தலைவலிக்கும் கிறுகிறுப்புக்கும் பெரும்பாலும் இதுவே காரணம். உயர் இரத்த அழுத்தம் இல்லாதவர்கள் உப்புப் போட்ட மோர் குடித்தால் தணியும்.

மூன்றாம் மாதம் எடை 82-ல் வந்து நின்றது, அதற்குமேல் அசையவில்லை. சமையலறைத் தராசு ஒன்று வாங்கிய பிறகுதான் விஷயம் விளங்கியது. நூறு பாதாம் 120 கிராம் இருந்தது. அதாவது சுமார் 700 கலோரி. ஒரு தட்டுச் சோற்றை எடை போட்டேன்: 420 கிராம், சுமார் 550 கலோரி. சோற்றைத் தவிர்த்துவிட்டு, அதைவிடக் கூடுதலான கலோரியைக் காலையிலேயே உண்டிருக்கிறேன். மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரி என்றால் கொழுப்பில் 9. வீட்டு எண்ணெய்ப் பாட்டிலின் மேல் திறந்த தேதியை எழுதி வைத்தேன். மூன்று பேருக்கு ஒரு லிட்டர் ஒன்பதே நாளில் தீர்ந்தது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 300 கலோரி எண்ணெயிலிருந்தே வந்துகொண்டிருந்தது.

அந்த அதிர்ச்சியில் நேர் எதிராகத் திரும்பி 1,200 கலோரிக்கு இறங்கினேன். மாலை நான்கு மணிக்கெல்லாம் கை சோர்ந்து, வேலையில் மனம் நிற்காமல், இரவு உணவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் எல்லாம் உடைந்தது. 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் நடத்திய பட்டினி ஆய்வில், 36 இளைஞர்களுக்கு நாளுக்கு ஏறத்தாழ 1,600 கலோரிதான் கொடுக்கப்பட்டது. அவர்கள் உணவைத் தவிர வேறு நினைவே இல்லாதவர்களாக மாறினார்கள். அதைவிடக் குறைவான அளவை ஒரு வளர்ந்த ஆண் தானாகவே தனக்கு விதித்துக்கொள்வது எனக்கு இப்போது சரியாகப் படவில்லை.

எது சிறந்தது என்பதற்கு நான் நம்பும் விடை, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோஃபர் கார்ட்னர் குழு 2018-இல் வெளியிட்ட ஆய்வு. 609 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர் கொழுப்பையும் மறு பிரிவினர் மாவுச்சத்தையும் 12 மாதங்கள் குறைத்தார்கள். சராசரியாகக் குறைந்த எடை முறையே 5.3 கிலோ, 6.0 கிலோ, பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் இரு பிரிவிலுமே 20 கிலோவுக்கு மேல் இழந்தவர்களும் இருந்தார்கள், எடை கூடியவர்களும் இருந்தார்கள். ஆகவே உங்களால் ஓராண்டுக்குப் பிறகும் எதைத் தொடர முடியும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எனக்கு ஒத்துவந்தது இதுதான்: மதியம் 180 கிராம் சோறு, அதே அளவு பொரியல், கெட்டியான பருப்பு அல்லது இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் தயிர், இரவில் ஒரே ஒரு சப்பாத்தியும் நிறையக் காய்கறியும். எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றுகிறோம். மாதம் ஒரு கிலோகூடக் குறையாத மாதங்கள் இருந்தன. ஆனாலும் 14 மாதங்களில் 76 கிலோவுக்கு வந்தேன், இடுப்புச் சுற்றளவு 104-லிருந்து 91 செ.மீ. ஆனது. நீங்கள் முதல் வாரம் எதையும் மாற்றாமல், உண்பதை மட்டும் எடை போட்டு எழுதி வையுங்கள். எங்கே கை வைக்க வேண்டும் என்று அந்த நோட்டே காட்டும்.

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவராக இருந்தால் மட்டும், மருத்துவரைப் பார்க்காமல் சோற்றைக் குறைக்காதீர்கள். என் சித்தப்பா, இன்சுலின் சுரப்பைத் தூண்டிச் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையை வழக்கமான அளவிலேயே போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துச் சோற்றை நிறுத்தினார். நான்காம் நாள் காலை, உடல் முழுவதும் வியர்த்து, கை நடுங்க, இரத்தச் சர்க்கரை அளவு 54-க்கு இறங்கிவிட்டது. இன்சுலினுக்கும் இதே ஆபத்து உண்டு; சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளிலோ, சர்க்கரை கூடாமலேயே, கொழுப்பு எரியும்போது உருவாகும் கீட்டோன் அமிலம் இரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். மருத்துவர் மாத்திரையைப் பாதியாக்கிய பிறகு, சித்தப்பாவும் இப்போது என் அளவுச் சோற்றைத்தான் சாப்பிடுகிறார்.