லாம்டனின் சங்கிலி – கடிதம்

அன்புள்ள சார்,

இருநூறு வருடங்களுக்கு முன்னால் பரங்கிமலைப் பக்கத்திலிருந்து இந்தியாவை அளக்கத் தொடங்கிய வில்லியம் லாம்டனைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் போன ஞாயிற்றுக்கிழமை பரங்கிமலைக்குப் போனேன். மேலே நின்று பெரும்பாக்கம் பக்கம் பார்த்தால் கட்டடங்கள்தான் தெரிகின்றன. என் அப்பா சர்வே துறையில் சங்கிலி பிடித்து நிலம் அளக்கும் செயின்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் சொன்னேன். "வெள்ளைக்காரன் அளந்தது வரி போடத்தானே, அதுக்கு எதுக்கு இவ்வளவு உருகறீங்க?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் வங்கியில் வேலை பார்ப்பவன், வரலாறு படித்தவன் இல்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

கே., தாம்பரம்

அன்புள்ள கே.,

நானும் வரலாற்றை வகுப்பில் உட்கார்ந்து படித்தவன் இல்லை. ஒரு ஆள் பிடித்துப்போனால் அவர் பின்னாலேயே போவேன், அவ்வளவுதான். லாம்டன் பின்னால் பல வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

அப்பா கேட்டது நியாயமான கேள்வி. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது லாம்டன் ஆங்கிலப் படையில் இருந்தார். திப்புவிடமிருந்து பறித்த நிலத்தின் குறுக்கே, சோழமண்டலக் கரையையும் மலபார் கரையையும் சேர்த்து அளக்கலாம் என்று சொல்லித்தான் அனுமதி வாங்கினார். அந்தப் போர் இல்லாமல் இந்த அளவை இல்லை. அதை ஒளித்துவிட்டு அவரைப் பாராட்ட எனக்கு மனம் வராது.

ஆனால் அவர் வரிக்காக வயலை அளந்தவர் இல்லை. மைசூரை வரைபடமாக்கும் வேலையை இன்னொரு அதிகாரி, காலின் மெக்கன்சி, செய்துகொண்டிருந்தார். லாம்டனுக்கு வேண்டியிருந்தது பூமியின் வடிவம். பூமி துருவங்களில் தட்டையாக இருக்கிறது என்று அப்போதே தெரியும். எவ்வளவு தட்டை? நம் ஊர்ப் பக்கம் ஒரு டிகிரி அட்சரேகைக்குத் தரையில் எத்தனை அடி? இதுதான் அவர் கேள்வி. பணம் கொடுத்தவர்களுக்கே இது பிடிபடவில்லை. சென்னை நிதிக் குழுவில் ஒருவர், ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டும் என்றால் பல்லக்குத் தூக்கிகளின் தலைவனிடம் சொன்னால் போதும், அவன் கொண்டுபோய் விடுவான், லாம்டனின் வரைபடம் எதற்கு என்று கேட்டிருக்கிறார்.

நீங்கள் பார்த்த அந்த இடத்தில் 1802 ஏப்ரல் 10 அன்று அடிக்கோடு, அதாவது மற்ற அளவுகளுக்கு ஆதாரமான முதல் கோடு, அளக்கத் தொடங்கினார்கள். பரங்கிமலைப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை சுமார் ஏழரை மைல். நூறு அடி எஃகுச் சங்கிலி, 40 கண்ணிகள். சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய், அங்கே வேண்டாம் என்று திரும்பிய சங்கிலி அது. வெயிலில் இரும்பு நீளும் என்பதால் மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானி வைத்து, ஏறத்தாழ 400 தடவை எடுத்து எடுத்து வைத்திருக்கிறார்கள். சென்னையின் ஏப்ரல், மே வெயிலில்! உங்கள் அப்பாவுக்கு அந்த வேலையின் சிரமம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஒரு கோட்டை இப்படி அளந்துவிட்டால், அதன் முனைகளிலிருந்து தூரத்து இடங்களுக்குக் கோணம் பார்த்தே மற்ற தூரங்களை முக்கோணக் கணக்கில் கண்டுபிடித்துவிடலாம். அப்படிக் கோணம் பார்த்த கருவியான தியோடலைட் அரை டன் எடை. லண்டனிலிருந்து வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டு நாடுகளுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். ஆனாலும் அது என்ன கருவி என்று தெரிந்ததும் மரியாதையோடு சென்னைக்கு அனுப்பி வைத்தார்கள்.

சரி, நான் உருகுவது எங்கே என்று சொல்கிறேன். 1808, தஞ்சாவூர். காவிரிப் படுகையில் ஏறி நின்று பார்க்க மலை கிடையாது. தென்னை மறைக்கிறது. அதனால் கோயில் கோபுரங்களில் ஏற வேண்டியதாயிற்று. பெரிய கோயிலில் தியோடலைட்டைக் கயிறு கட்டி மேலே இழுக்கும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, கோணம் காட்டும் பெரிய வட்டம் கோணிப்போனது. வேறொருவராக இருந்தால் லண்டனுக்குக் கடிதம் எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பார். லாம்டன் தலைமைக் கைவினைஞர்களை மட்டும் கூட்டிக்கொண்டு கூடாரத்துக்குள் போய்விட்டார். வேறு யாரையும் உள்ளே விடவில்லை. கருவியைக் கழற்றி, வட்டம் இருக்க வேண்டிய சரியான அளவை ஒரு பெரிய பலகையில் வெட்டி, ஆப்பும் திருகும் கப்பியும் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து அந்த அளவுக்குக் கொண்டுவந்தார்கள். வளைந்த ஆரக்கால்களைச் சின்ன மரச்சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார்கள். ஆறு வாரம் ஆயிற்று. அதற்கப்புறமும் பல வருடம் அந்தக் கருவி வேலை செய்தது.

அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 1823 ஜனவரியில் இறக்கும்வரை அளந்துகொண்டேதான் இருந்தார். ஐதராபாத்திலிருந்து நாக்பூர் போகும் வழியில், ஹிங்கன்காட்டில் புதைத்தார்கள். பின்னாளில் உலகத்தின் உயரமான சிகரத்துக்கு அவருக்குப் பிறகு வந்த ஜார்ஜ் எவரெஸ்ட்டின் பெயர் போயிற்று. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து இன்னொரு வருத்தம் பெரிதாகிவிட்டது. அந்தக் கூடாரத்துக்குள் மரச்சுத்தியல் பிடித்த கைவினைஞர்கள் யார்? தஞ்சையில் கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் யார்? கொடி பிடித்துக் குன்றுகளில் நாள்கணக்கில் காத்திருந்தவர்கள்? சென்னை சர்வே பள்ளியிலிருந்து போய் லாம்டனுக்கு வலதுகையாக இருந்த ஜோஷுவா டி பென்னிங் போன்ற ஓரிருவர் பெயர் ஏட்டில் நிற்கிறது. மற்றவர்களை ஏடுகள் மொத்தமாக 'ஆட்கள்' என்று எழுதிவிட்டுப் போகின்றன. நானும் என் கட்டுரையில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அது என் தவறு.

அதனால் அப்பாவுக்குப் பதில் சொல்வதைவிட அவரிடம் நாம் கேட்பதுதான் அதிகம் என்று நினைக்கிறேன். கரடுமுரடான நிலத்தில் சங்கிலியை எப்படி மட்டமாகப் பிடிப்பார்கள்? குறுக்கே கிணறு வந்தால் என்ன செய்வார்கள்? அளந்து நட்ட கல்லை ராத்திரியோடு ராத்திரியாக யாராவது பிடுங்கினால்? ஒரு நோட்டு வாங்கி அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். அவருக்குச் சம்மதம் என்றால் எனக்கு அனுப்புங்கள். அவர் பெயரோடு இங்கே போடுகிறேன்.